பட்டனா, கால்குலேட்டரா: மூத்திரப்பையை அளக்க எது தேவலை?

மதுரைக்குப் பக்கத்தில் சின்னதாக ஸ்கேன் சென்டர் வைத்திருக்கிறேன். ஒன்றுக்குப் போனபின் மூத்திரப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று அளக்க அடிக்கடி ஆட்கள் வருவார்கள். அதற்கென்றே இருக்கும் பிளாடர் ஸ்கேனர் என்ற சின்ன மெஷின் ஒன்றைப் போன வருஷம் டெமோவுக்குக் கொடுத்தார்கள். ஜெல் தடவி அடிவயிற்றில் வைத்து பட்டனை அமுக்கினால் சில வினாடியில் உள்ளே மூத்திரம் இத்தனை மில்லி என்று காட்டிவிடும். பத்து நாள் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். வேகத்தில் அதுதான் ஜெயிக்கும், பழகுவதும் சுலபம், அதில் சண்டையே இல்லை.

நான் தங்கிவிட்டது பழைய முறையில். அல்ட்ராசவுண்ட் படத்தில் மூத்திரப்பையின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் செ.மீ.யில் அளந்து பெருக்கி, மறுபடி 0.52-ஆல் பெருக்க வேண்டும். பையை 6-ஆல் வகுத்தால் வருவதுதான் இந்த 0.52 (இது கணக்கு வாத்தியாரின் பை, மூத்திரப்பை இல்லை). 9, 8, 7 என்றால் 262 மில்லி. முட்டை வடிவம் என்று நம்பிப் போடும் கணக்கு இது. சிலர் 0.7 போடுவார்கள், அப்போது அதே மூத்திரப்பை 353 ஆகிவிடும். ஆக, என் எண்ணும் தோராயம்தான்.

ஆனால் எதை அளக்கிறேன் என்பது கண்ணுக்குத் தெரிகிறது, எனக்கு அதுதான் முக்கியம். டெமோ நாட்களில் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார், கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து படுத்தார். ஸ்கேனர் 340 என்றது. "இப்பத்தானய்யா போனேன், சொட்டு பாக்கியில்ல" என்கிறார் அவர், மகனோ மூத்திரம் எடுக்க ட்யூப் போடணுமா என்று பதறுகிறார். அல்ட்ராசவுண்ட் புரோபை வைத்துப் பார்த்தால் மூத்திரப்பை சுருங்கிக் கிடக்கிறது, சுவர் தெளிவாகத் தெரிகிறது, சுற்றிலும் கறுப்பாக நிற்பது வயிற்று நீர். 5, 4, 3, அதாவது 31 மில்லி. ஸ்கேனர் அந்த நீரையும் மூத்திரமாக எண்ணிவிட்டது. பெரிய சினைப்பைக் கட்டி இருந்தாலும் இப்படி ஏமாறும். புராஸ்டேட் சுரப்பி மூத்திரப்பைக்குள்ளே புடைத்துக்கொண்டு நின்றாலும் படத்தில் பார்த்துவிடலாம், வெறும் எண்ணில் எப்படித் தெரியும்?

வார்டு கதை வேறு. ஆபரேஷன் முடிந்தவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ட்யூப் தேவையா என்று நர்ஸ் பார்க்க ஸ்கேனர்தான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன், நான் வார்டில் வைத்துப் பார்த்ததில்லை. குழந்தைகளும் என்னிடம் அதிகம் வருவதில்லை.

அப்புறம், எதில் அளந்தாலும் டாய்லெட்டிலிருந்து நேராக டேபிளுக்கு வரவேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கவைத்துவிட்டு, போய்வந்தவரை மறுபடி வரிசையில் அரைமணி உட்காரவைத்தால் மிச்சம் நூறு மில்லி என்று ரிப்போர்ட் போகும். அதில் பாதிக்கு மேல் அந்த அரைமணியில் சிறுநீரகம் இறக்கியதாக இருக்கும்.