கல்சைட் விகாரத்தை அளக்கிற செய்நிரல்: வவுனியாவிலிருந்து ஒரு மதிப்பீடு

கல்லு நெரிபடேக்குள்ள கல்சைட் (சுண்ணாம்புக்கல், சலவைக்கல்லின்ர முக்கிய கனிமம்) மணிகளுக்குள்ள மெல்லிய இரட்டைக் கீற்றுகள், அதாவது படிக அமைப்பு கண்ணாடி விம்பம் போலத் திரும்பின பட்டைகள், விழும். அந்தக் கீற்றுகளை அளந்து, எந்தத் திசையில எவ்வளவு சுருங்கினது, அதாவது எவ்வளவு விகாரம், எண்டு கணிக்கிற முறையை 1972 இல் புவிச்சரிதவியலாளர் குரோஷோங் தந்தார். அதைக் கணினிக்கு ஏற்றி 1994 இல் எவன்ஸும் அவரும் வெளியிட்ட செய்நிரலைப் பற்றித்தான் எழுதுகிறேன். படிப்பிக்கிறதுக்காகப் பாவித்தேன். கல்லு மாத்தளைச் சலவைக்கல்.

செய்நிரல் கேட்கிறது கொஞ்சம்தான்: மணியின்ர சி அச்சு (படிகத்தின்ர முதன்மைச் சமச்சீர் அச்சு) நிக்கிற திசை, இரட்டைத் தளம் (கீற்று கிடக்கிற தளம்) நிக்கிற திசை, கீற்றுகளின் எண்ணிக்கை, தடிப்பு, மணியின் அகலம். கீற்றாக மாறின பகுதி 0.694 கொய்வு விகாரம் (பக்கவாட்டில சறுக்கிச் சரியிற உருமாற்றம்) அடைந்திருக்கும். அது படிக அமைப்பே வகுத்த நிலையான எண். கனவளவு மாறவில்லை எண்டு எடுத்தால் தெரியாக் கணியம் ஐந்து. நிறைய மணிகளைக் குடுத்தால் இழிவு வர்க்க முறையால (எல்லா அளவீடுகளுக்கும் மொத்தப் பிழை ஆகக் குறைவாக வரப் பொருத்துறது) விடை வரும்.

எனக்கு மெத்தப் பிடித்தது, கண்ட விடைக்கு எதிராக நிக்கிற மணிகளை இது மறைக்காமல் காட்டுறது. அப்படியான மணிகள் நூற்றுக்கு 40 ஐத் தாண்டினால், கல்லு ஒருக்கா மட்டும் நெரிபடவில்லை எண்டு யோசிக்க வேணும். மாணவர்கள் விடையை விட இந்த வரியைத்தான் முதல் பார்க்க வேணும்.

செலவு செய்நிரலில் இல்லை, யுனிவேர்சல் ஸ்ரேஜ் (சீவலை எந்தப் பக்கமும் சரிக்கக்கூடிய தாங்கி) பூட்டின நுணுக்குக்காட்டியில. ஒண்டுக்கொண்டு செங்குத்தாக வெட்டின இரண்டு மெல்லிய கல்லுச் சீவல்களை மணி மணியாகச் சரித்துப் பார்க்கப் பொறுமையும் வேணும்.

எல்லையும் உண்டு. விகாரம் 17 விழுக்காட்டுக்கு மேல போனால் நம்பேலாது. கீற்றுகள் தடித்திருந்தால், வெப்பம் 200 பாகை செல்சியசைத் தாண்டியிருக்கலாம். மாத்தளைச் சலவைக்கல் ஆழத்தில கடுமையாகச் சூடாகி, உருகாமலே மறுபடிகமானது (பழைய மணிகள் போய்ப் புது மணிகள் வளர்ந்தது). அதில இருக்கிற கீற்று, கல்லு ஆறின பிறகு நடந்ததைத்தான் சொல்லும். மலைத்தொடர் உருவான கதையை இதிலயிருந்து எழுத வேண்டாம்.

எங்கட வன்னிக் கருங்கல்லில கல்சைட் அரிது. மன்னார்ப் பக்கத்து மயோசீன் எண்ட புவிச்சரிதக் காலத்துச் சுண்ணாம்புக்கல்லோ நெரிபடாமல் கிட்டத்தட்டக் கிடையாகவே கிடக்குது. அதால, கல்லுடைக்கிற இடத்தில வெடிப்பை நிரப்பின கல்சைட் நரம்பு கண்டால் விடாதேங்கோ. ஆனால் சுத்தியலைத் தூக்க முன்னம், வடக்குத் திசையையும் சாய்வையும் கல்லில வடிவாகக் குறியுங்கோ. திசை தெரியாத துண்டுக்கு இந்தச் செய்நிரல் அளவைத் தரும், எந்தப் பக்கத்தால நெரிபட்டது எண்டு சொல்லாது.