மூன்று சாமி வராகனா, மூன்று பேரரசர் செப்புக் காசா?

மூன்று உருவம் பொறித்த காசுகளை மட்டும் சேர்ப்பது என்று இறங்குபவருக்கு இங்கே முதலில் எதிர்ப்படுபவை இரண்டு. ஒன்று, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மூன்று சாமி வராகன் என்ற தங்கக் காசு. நடுவில் பெருமாள், இருபுறமும் தேவியர், பின்பக்கம் வெறும் புள்ளிகள். மற்றொன்று, ரோமப் பேரரசர் மூவர் நிற்கும் செப்புக் காசு. ஆர்க்கேடியசும் ஹோனோரியசும் இரு பக்கம், சிறுவன் இரண்டாம் தியோடோசியஸ் நடுவில் குள்ளமாக. 408இல் ஆர்க்கேடியஸ் இறந்துவிட்டதால் காலத்தைக் கணிப்பதில் சிக்கலில்லை.

விலையில் ரோமக் காசு மலிவு. என் ஓட்டு வராகனுக்குத்தான், ஒரு நிபந்தனையோடு: அதில் வளையம் பற்றவைத்த தடம் இருக்கக் கூடாது.

மறுவிற்பனையைத் தீர்மானிப்பது இந்தத் தடம்தான். பழைய வராகன்கள் பல காசுமாலையிலும் தாலியிலும் கோக்கப்பட்டவை. வளையத்தை வெட்டி, ராவி, மெருகேற்றி விற்பார்கள். 10 மடங்கு லென்ஸில் முகப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் நிறம் வெளிறி அல்லது சிவந்து, அருகிலுள்ள புள்ளிகள் உருகி வழவழவென்று இருந்தால் அது பற்று வைத்த இடம். அப்படிப்பட்ட காசு தங்க விலையை ஒட்டித்தான் போகும். சேகரிப்பாளர் விலை கிடைக்காது.

அடுத்தது எடை. சுமார் 3.4 கிராம் இருக்க வேண்டும். வராகன் சொக்கத் தங்கமல்ல. ஏறக்குறைய 80 சதவீதத் தங்கம் என்று கொண்டால் அடர்த்தி நீரைப் போல் 15, 16 மடங்கு வரும். நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டால் எடை 0.22 கிராம் அளவே குறையும். பித்தளையில் முலாம் பூசியதென்றால் 0.4 கிராம் குறையும். 0.01 கிராம் காட்டும் தராசு பித்தளையைப் பிடித்துவிடும், ஆனால் தங்கத்தின் மாற்றை, அதாவது தூய்மையைச் சொல்லாது, அதற்கு 0.001 கிராம் தராசு வேண்டும். நகைக்கடையில் உரைகல்லில் தேய்க்க விடாதீர்கள், அந்தக் கீறலும் விலையைக் குறைக்கும். ஹால்மார்க் மையத்து எக்ஸ்ரே எந்திரம் கீறாது, ஆனால் மேல்பரப்பைத்தான் படிக்கும். தடித்த முலாம் அதை ஏய்க்கும். எனவே நீர்ச்சோதனையையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

வராகனை அச்சடித்தது ஆங்கிலேயரா டச்சுக்காரரா என்பதை ஒற்றைக் காசை வைத்து உறுதியாகச் சொல்வது கடினம். விற்பவர் அதற்காகக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

ரோமக் காசை எடுத்தால் பராமரிப்பு வேலை கூடும். கடலோர ஈரக்காற்றில் செம்பின் மேல் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். அது குளோரைடு அரிப்பு. துடைத்தாலும் திரும்ப வரும், மெல்ல மெல்லக் காசைத் தின்னும். உடனே மற்ற காசுகளிலிருந்து பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, சில நாளுக்கொரு முறை நீரை மாற்றி, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம். அதிலிருந்து கசியும் மென்மையூட்டி செம்பில் பச்சைப் பிசினாகப் படியும். மைலார் (பாலியஸ்டர்) உறை பரவாயில்லை.

100 ஆண்டு தாண்டிய காசை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எனவே எதை வாங்கினாலும் உங்கள் சந்தை உள்நாடுதான். அங்கேயும் தடமில்லாத வராகனுக்கு ஆள் சீக்கிரம் கிடைப்பார்.