டெல்லியில் ஸ்கீ உடை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

குல்மார்க், ஔலி, சோலாங் என்று இந்தக் குளிருக்கு ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, விளையாடக் கிளம்பும் டெல்லித் தமிழர்களுக்காக எழுதுகிறேன். கரோல் பாக் பக்கம் ஒரு மாடிக் கடை. இன்ஸ்டாகிராமிலும் பக்கம் வைத்து, ‘இம்போர்ட்டட் ஃப்ரீஸ்டைல் ஸ்கீ வேர்’ (தாவிக் குதித்து வித்தை காட்டும் பனிச்சறுக்குக்கான உடை) என்று விற்கிறார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. ஜாக்கெட், பேன்ட், ஹெல்மெட் மூன்றுக்கும் சேர்த்து 18,500 ரூபாய் வாங்கினார்கள்.

வாங்கியது என் அக்கா பையனுக்கு. காலேஜ் லீவில் குல்மார்க்கில் ஸ்கீ கோர்ஸ் சேர்ந்திருந்தான். போட்டால் தொளதொள உடைதான் போடுவேன் என்றான். ஆசைப்பட்டதில் தப்பே இல்லை, அதற்கென்று ஒரு சரித்திரமே இருக்கிறது. 1990களின் கடைசியில் இரண்டு முனையும் மேலே வளைந்த ட்வின் டிப் ஸ்கீ வந்தது. பின்பக்கமாகத் தாவிப் பின்பக்கமாகவே இறங்குகிற கூட்டம் ஒன்று கிளம்பியது. ரேஸ்காரர்களின் உடம்போடு ஒட்டிய உடையை உதறிவிட்டு ஸ்னோபோர்டு, ஸ்கேட்போர்டு, ஹிப்ஹாப் பக்கமிருந்து நீள டி-ஷர்ட்டையும் அகலக் கால் பேன்ட்டையும் எடுத்துக்கொண்டார்கள். 2002-ல் ஜேபி ஆக்லேர், டானர் ஹால் போன்ற வீரர்களே சேர்ந்து அர்மடா என்ற ஸ்கீ கம்பெனியைத் தொடங்கினார்கள்.

இதில் பாதிக் கதை கடைக்காரருக்கும் தெரியும். அதுதான் ஆபத்து. எந்தக் குறையைக் காட்டினாலும் ‘ஸ்டைல்’ என்று சொல்லிவிடுகிறார்.

இடுப்பில் நிற்கவில்லையே என்றேன். “யஹீ தோ ஸ்டைல் ஹை, பாய் சாப்” என்று போனில் ஹென்ரிக் ஹார்லாட்டின் படத்தைக் காட்டினார். 2014 சோச்சி ஒலிம்பிக்கில், கம்பிகள், மேடுகள் மேல் தாவிப் போகும் ஸ்லோப்ஸ்டைல் ஓட்டத்தின்போது அந்த ஸ்வீடன்காரரின் பேன்ட் நழுவியது உண்மைதான்.

“மாமா, இப்படித்தான் போடுவாங்க.”

“போடட்டும்டா, பனி உள்ள போகாதா?”

அதற்குப் பதிலாகத் தண்ணீர் பாட்டில் வந்தது. ஜாக்கெட்டை மேஜைமேல் விரித்து மூடியளவு தண்ணீரை ஊற்றினார். முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. ஜாக்கெட்டின் கையில் ‘20,000’ என்று ரப்பர் பட்டை வேறு. பக்கத்தில் நின்றவர்கள்கூட ‘வாஹ்’ என்றார்கள்.

இந்த வித்தையைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் உருள்வது துணியின் மேலே பூசிய ரசாயனத்தால். ஸ்ப்ரே அடித்தால் சாதாரணக் குடைத் துணியிலும் அப்படி உருளும். 20,000 என்பது வேறு கணக்கு: 20,000 மில்லிமீட்டர், அதாவது 20 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். அதற்குத் துணிக்குள் ஒரு மெல்லிய சவ்வு வேண்டும். சவ்வு இருந்தாலும் ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதான், ஆகையால் உள்பக்கம் தையல் நெடுக டேப் ஒட்டியிருப்பார்கள்.

குல்மார்க்கில் முதல் நாள் மதியத்துக்குள்ளேயே பையன் தொப்பல். கற்றுக்கொள்கிறவன் விழுந்து விழுந்துதான் எழுவான், உட்கார்ந்த இடமெல்லாம் பனி. மிச்ச நாளுக்கு அங்கேயே வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் லைனிங்கை ஓர் ஓரத்தில் பிரித்துப் பார்த்தேன். டேப் எதுவும் இல்லை, வெறும் ஓவர்லாக் தையல். தோள்பட்டைத் தையலைக் குழாயடியில் பிடித்தேன். முதலில் எல்லாம் உருண்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் ஊசித் துளை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அந்த ‘20,000’ பட்டை நகத்தால் கிளப்பியதும் கையோடு வந்துவிட்டது.

பேன்ட் இன்னும் மோசம். நிஜமான ஃப்ரீஸ்டைல் பேன்ட்டில் கால்தான் அகலம். இடுப்பைச் சரியாக இறுக்க உள்ளே வெல்க்ரோ இருக்கும், இல்லையென்றால் தோள்பட்டி. காலடியில் பூட்ஸைக் கவ்வ எலாஸ்டிக் உள்மடிப்பு இருக்கும். ஸ்கீயின் இரும்பு விளிம்பு கிழித்துவிடும் என்று கணுக்கால் உள்பக்கம் தடித்த துணி வைத்திருப்பார்கள். எங்களுக்கு விற்றது டபுள் எக்ஸ்எல் சாதாரண பேன்ட், அடியில் ஒரு நாடா. பனி நேராகக் காலுக்குள் ஏறியது.

ஹெல்மெட்டில்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. உள்ளே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஐரோப்பியத் தர எண் இஎன் 1078. அது சைக்கிள், ஸ்கேட்போர்டுக்கான தரம். பனிச்சறுக்குக்கு இஎன் 1077, அமெரிக்கத் தரம் என்றால் ஏஎஸ்டிஎம் எஃப்2040. கூரான பொருள் துளைக்கிறதா என்று பார்க்கும் சோதனை 1077-ல் உண்டு, 1078-ல் கிடையாது. “ஏக் நம்பர் கா ஃபரக் ஹை”, ஒரு நம்பர்தானே வித்தியாசம் என்று சிரித்தார் கடைக்காரர். தலை அவருடையது இல்லையே!

திருப்பிக் கொடுக்கப் போனபோது சுவரில் இருந்த ‘நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்’ போர்டைக் காட்டினார்கள். அந்த போர்டை வைத்துத் தப்பிக்க முடியாது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும், பில்லில் காலக்கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள் பணம் தராமல் இருப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறைகேடான வணிகம். பில் தராததும் அப்படியே. எங்களுக்குத் தந்தது ஜிஎஸ்டி எண் இல்லாத கச்சா பில், அதுவும் பென்சிலில். ‘இம்போர்ட்டட்’ பெட்டிமேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி எதுவும் அச்சாகவில்லை. பணம் யுபிஐயில் போயிருந்ததால் அந்த ஸ்கிரீன்ஷாட்தான் கை கொடுக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன், தமிழிலும் பேசலாம். அதற்கு அடுத்த வாரம் கடையிலிருந்தே போன்: பாதித் தொகைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். முழுப் பணம் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். அதே மாடிக் கடையில் மாட்டியவர்கள் யாராவது இருந்தால், பில்லோ யுபிஐ ரசீதோ இருந்தால், இன்பாக்ஸில் சொல்லுங்கள். சேர்ந்தே மனு கொடுக்கலாம்.