செட்டிநாட்டு வீட்டைப் பேய்க்கதைக்குக் களமாக்கினால்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிபவை

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார் வீடு பேய்த் திரில்லர் எழுத இறங்குபவரைச் சுலபமாக ஏமாற்றிவிடும். பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல், பெல்ஜியம் கண்ணாடி, முட்டைப் பூச்சு என்று வருணனைக்குச் சரக்கு கொட்டிக் கிடக்கிறது. நாலாவது அத்தியாயத்தில் அது தீர்ந்துவிடும். 60,000 சொல் வரை கதையைத் தூக்கிச் செல்வது வீட்டின் அமைப்பும் சாவிகளும்தான்.

முதலில் அமைப்பு. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு, தோட்டம் என்று எல்லாம் ஒரே கோட்டில் போகும். தலைவாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். பல வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். மலைவாசஸ்தல பங்களாக் கதைகளில் வேலை செய்கிற ‘மூலை திரும்பினாள், எதிரே உருவம்’ இங்கே எடுபடாது, திரும்ப மூலையே குறைவு. இந்த வீடு தருகிற பயம் தூரத்துப் பயம். வரிசையாகத் திறந்திருக்கும் நிலைகளில் கடைசி நிலையில் யாரோ நிற்கிறார்கள். அடுத்த முறை பார்க்கும்போது ஒரு நிலை முன்னால் நிற்கிறார்கள். இதற்கு வருணனையே தேவையில்லை, எண்ணிக்கை போதும்.

அதனால் எழுதுவதற்கு முன் வரைபடத் தாளில் வீட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். 1 செ.மீ. = 10 அடி என்று வைத்தால் 200 அடி நீள வீடு ஏ4 தாளில் அடங்கும். ஒவ்வொரு கதவும் எந்தப் பக்கம் திறக்கும், தாழ்ப்பாள் உள்ளேயா வெளியேயா என்பதைக் குறிக்காமல் விட்டால் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொள்வோம். 200 அடியைச் சாதாரணமாக நடந்து கடக்க முக்கால் நிமிடம் ஆகும். இருட்டில், உயரமான வாசற்படிகளைக் காலால் துழாவிக்கொண்டு போனால் இரண்டு நிமிடம்கூட ஆகலாம். அடுப்படியில் இருப்பவள் அலறினால் முகப்பில் இருப்பவர் அடுத்த வரியிலேயே வந்து நிற்க முடியாது. அந்த இடைவெளியை எழுத்தாளர் விழுங்கிவிடுவதுதான் இந்தக் களத்தில் அடிக்கடி நடக்கும் பிழை. பயமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

சாவி விஷயம் இன்னும் முக்கியம். வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் கல்யாணமான மகன்களுக்கு உரியவை. ஒவ்வொரு மகன் குடும்பமும் ஒரு புள்ளி. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் தனி அடுப்பு வைத்துச் சமைத்தவர்கள். பேரன்கள் காலத்தில் ஆளுக்கு ஓர் ஊர் போய்விட, அறைகள் பூட்டிக் கிடக்கும். கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும்தான் திறக்கும். ஆகவே ‘திறக்கக்கூடாத பூட்டிய அறை’ என்ற பழைய உத்தி இங்கே செத்த உத்தி. பார்க்கிற அறையெல்லாம் பூட்டித்தான் இருக்கிறது, வாசகர் எதற்குப் பயப்படுவார்? சாவி பினாங்கில் இருக்கும்போது அறை திறந்து கிடந்தால்தான் முதுகு சில்லிடும். தனியாக ஒரு தாளில் நாலு நெடுவரிசை போடுங்கள்: அறை, யார் பங்கு, சாவி இப்போது யாரிடம், கடைசியாக எந்தக் காரியத்துக்குத் திறந்தது. எட்டு அறை போதும். அதற்கு மேல் போனால் பங்காளிகள் பெயரே வாசகருக்குக் குழம்பும்.

‘பேய் இருக்கிறதென்று தெரிந்தும் ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை?’ என்ற கேள்விக்கு மற்ற களங்களில் மழை, உடைந்த பாலம், பஞ்சரான கார் என்று தேடித் திரிய வேண்டும். இங்கே பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போடாமல் வீட்டை விற்க முடியாது, படைப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது, உறவு முழுக்க வந்து இறங்கிவிட்டது. அது போதும்.

படைப்பு என்பது குடும்பத்தில் இறந்தவர்களை வணங்கிப் படையல் இடும் சடங்கு. படைக்கும் துணி பேழையில் பத்திரமாக இருக்கும். இறந்தவருக்கு முறைப்படி இடம் கொடுத்து வைத்திருக்கிற வீட்டில், பேயை வெளியிலிருந்து வந்த தீய சக்தியாக எழுதினால் ஒட்டவே ஒட்டாது. அதையும் ஒரு பங்காளியாக வைத்துக்கொண்டால் கதை தானாக நகரும். எந்தக் கட்டுக்குள் வர முடியும், எந்த வாசற்படியைத் தாண்ட முடியாது, என்ன கேட்கிறது என்று மூன்று வரியில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மூன்றாவது வரி கிடைக்காமல் எழுத ஆரம்பித்தால், கடைசியில் எலுமிச்சம்பழத்தோடு ஒரு மந்திரவாதியைக் கூட்டிவர வேண்டியிருக்கும். அந்த இடத்தில் புத்தகம் படுத்துவிடும். தீர்வு வீட்டுக்குள்ளிருந்தே வர வேண்டும்: கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம், பாகப் பத்திரம், பிள்ளை கூட்டிக்கொண்ட (தத்தெடுத்த) விவரம். ஒரு பெயர் ஒரு தாளில் இருந்து அடுத்த தாளில் இல்லை என்பதே போதுமான துப்பு.

சத்தங்களில் தாராளமாக இருக்கலாம். ஓட்டின் மேல் மரநாய் ஓடினால் ஆள் நடக்கிற மாதிரியே இருக்கும். கூகை அலறும். பகல் வெயிலில் சூடான மரம் இரவில் குளிர்ந்து சடக்கென்று நெட்டி முறிக்கும். முதல் மூன்று சம்பவங்களுக்கு இப்படி ஏதாவது விளக்கம் இருக்கட்டும், நாலாவதற்கு வேண்டாம். இஞ்சினியர் பாத்திரத்தை விட்டு, காதுக்குக் கேட்காமல் பேய் இருக்கிற உணர்வைத் தருவதாகச் சொல்லப்படும் 19 ஹெர்ட்ஸ் அதிர்வு பற்றிப் பேச வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 1998இல் விக் டாண்டி என்ற பிரிட்டன் பொறியாளர் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் அதிர்வுக்குக் காரணம் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஓடிய ஒரு மின்விசிறி. கரண்டே இல்லாத வளவில் அதைச் சொன்னால் இஞ்சினியர்தான் அசடாவார்.

பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் கூரை இறங்கும் முற்றத்தில் பௌர்ணமி அன்றுகூட மாலை ஏழு மணிக்கு நிலவொளி விழாது. நிலா அப்போதுதான் அடிவானத்தை விட்டு எழுந்திருக்கும். மார்கழிப் பௌர்ணமி நள்ளிரவில் ஏறத்தாழ உச்சிக்கு வரும், முற்றம் முழுக்க வெளிச்சம். ஆனியில் தெற்கே சாய்ந்து போவதால் வடக்குப் பக்கம்தான் வெளிச்சம் படும். தேய்பிறை அஷ்டமியில் நிலா எழவே நள்ளிரவாகும். அதேபோல ஐப்பசி அடைமழையில் கதவு தானாகத் திறந்ததாக எழுதாதீர்கள். ஈரத்தில் மரம் ஊதி, நிலையோடு இறுகிக்கொள்ளும். தானாகத் திறக்க வேண்டுமானால் சித்திரை வெயிலில் வையுங்கள். மழையில் திறந்தே தீர வேண்டுமென்றால் அதைப் பேயின் கணக்கில் வைத்து, இறுகியிருந்த கதவு என்பதை முதல் நாளே வாசகருக்குக் காட்டிவிடுங்கள்.

இந்தக் களத்தின் பெரிய குறை பழைய கதை. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது, அங்கே நகரத்தார் நடத்திய லேவாதேவிக் கடைகள் போனது, ஆட்கள் ஊர் திரும்பியது எல்லாம் தானே ஒரு நாவல். அதை மொத்தமாக ஓர் அத்தியாயத்தில் இறக்கினால் நிகழ்காலத்துப் பயம் ஆறிப்போகும். ஒரு தடவைக்கு வீட்டிலுள்ள ஒரு பொருள் வழியாகச் சொல்லுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

உறவுப் பெயர்களிலும் பலர் வழுக்குகிறார்கள். இங்கே அப்பச்சி என்றால் அப்பா, அப்பத்தா அப்பாவின் அம்மா, ஆயா அம்மாவின் அம்மா. சென்னைப் பழக்கத்தில் ஆயாவை வேலைக்காரி என்று எடுத்துக்கொண்டு எழுதிய காட்சியில், இருட்டிலிருந்து ‘ஆயா வந்திருக்கேன்’ என்று குரல் வந்தால் யார் நடுங்க வேண்டும் என்பதே மாறிவிடும்.