ஒன்பது வருட ஸ்கேல் அனுபவம்: ஒடிந்ததுதான் நன்றாக உழைக்கிறது

இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீளம் அளக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. பிளாஸ்டிக், மரம், ஸ்டீல், ரப்பர் மாதிரி வளைகிற ஸ்கேல், நாங்களே ஒட்டிச் செய்த காகித ஸ்கேல் என்று எல்லா வகையும் என் வகுப்பில் புழங்கியாயிற்று. எது உழைத்தது, எது காலை வாரியது என்று எழுதிவைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேசை இழுப்பறையில் இருப்பதிலேயே உபயோகமானது, மூன்றாவது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் முன்னால் ஒடிந்துபோன ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல். அதைப் பற்றி அப்புறம்.

அன்றாடத்துக்கு நான் வைத்திருப்பது 15 செ.மீ. கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் ஸ்கேல். அடியில் இருக்கும் கோடு மறையாது, சின்னக் கைக்கு அடங்கும். கோடுகள் அடிப்பக்கம் அச்சாகியிருப்பதால் காகிதத்தோடு ஒட்டியே இருக்கும். இது சாதாரண விஷயமில்லை. தடியான மர ஸ்கேலில் கோடு மேலே, பொருள் கீழே. நேராகக் குனிந்து பார்க்கும் பிள்ளைக்கு ஓர் அளவு, பக்கத்து இருக்கையிலிருந்து எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு இன்னோர் அளவு. நல்ல மர ஸ்கேல்களின் ஓரத்தைச் சரிவாகச் சீவியிருப்பது இதற்காகத்தான். பிளாஸ்டிக்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாலும் இதே கோளாறு வரும், எண்களும் இடவலம் மாறித் தெரியும். அதைக் கண்டுகொள்ளாமல் அளந்து முடிக்கிற ஆள் ஒவ்வொரு வருடமும் ஒருவராவது இருக்கிறார்.

வளைகிற ஸ்கேலை வாங்கியது என் தவறு. ஒடியாது என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினேன். ஒடியவில்லைதான். ஆனால் முறுக்குவதும் சுண்டுவதும் பக்கத்துப் பையனின் காதைத் தட்டுவதுமாக முழு வகுப்பும் போனது. ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிவைத்துவிட்டேன்.

உண்மையான தலைவலி பூஜ்ஜியம். பிளாஸ்டிக், மர ஸ்கேல்களில் பெரும்பாலும் பூஜ்ஜியக் கோடு விளிம்பில் இருக்காது. சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும். ஸ்டீல் ஸ்கேலில் பெரும்பாலும் விளிம்பே பூஜ்ஜியம். இரண்டும் கலந்து கிடக்கும் வகுப்பில் ஒரே பென்சில் இரண்டு நீளத்தில் இருக்கும். மூன்றாவது கட்சி ஒன்று உண்டு: எண்ணுவது ஒன்றிலிருந்துதானே தொடங்குகிறது, அளப்பதும் ஒன்றிலிருந்துதான் என்று 1-இல் பென்சிலின் முனையை வைப்பவர்கள். அவர்களுடைய தர்க்கத்தில் குறை சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

பூஜ்ஜியத்தை உள்ளே தள்ளி வைப்பதற்கு நியாயம் இருக்கிறது. ஸ்கேலின் முனைதான் முதலில் தேயும், மூலைதான் முதலில் உடையும். மீட்டருக்கே இந்தக் கதை நடந்திருக்கிறது. 1799-இல் பிரான்சில் செய்த பிளாட்டினம் மீட்டர் தண்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு மீட்டர். 1889-இல் வந்த பிளாட்டினம்–இரிடியம் தண்டை ஒரு மீட்டருக்கு மேல் நீளமாகச் செய்து, முனைகளுக்குச் சற்று உள்ளே கீறிய இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை மீட்டர் என்று வைத்தார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது ஒருவன் தன் ஸ்கேலை எடுத்து, தேய்ந்த மூலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஆனால் உள்ளே தள்ளிய பூஜ்ஜியம் வேறு ஓர் இடத்தில் மாட்டிவிடும். ஒருமுறை 30 செ.மீ. ஸ்கேலால் மேசையை அளக்கச் சொன்னேன். ஸ்கேலை வைத்து, அது முடிகிற இடத்தில் விரலை ஊன்றி, அங்கிருந்து மறுபடி வைத்து, நான்கு தடவை. 120 என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். டேப்பில் அது 124. ஸ்கேலின் இரண்டு முனையிலும் அரை அரை சென்டிமீட்டர் வெற்றிடம். உண்மையில் அந்த ஸ்கேலின் உடம்பு 31 செ.மீ. நான்கு தடவைக்கு நான்கு சென்டிமீட்டர் காணாமல் போயிருந்தது. எங்கே போனது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு இருபது நிமிடம் ஆனது. நான் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம்.

அங்குலப் பக்கம் இன்னொரு தொல்லை. ஒரே பென்சிலுக்கு ஒருத்தி 10 என்கிறாள், பக்கத்தில் இருப்பவன் 4 என்கிறான். இருவர் சொல்வதும் ஏறக்குறைய சரி, ஒரு அங்குலம் 2.54 செ.மீ. அல்லவா. முதல் மூன்று வருடம் அந்தப் பக்கத்தில் டேப் ஒட்டி மறைத்தேன். பிள்ளைகள் டேப்பை உரிப்பதிலேயே குறியாக இருந்தார்கள். இப்போது மறைப்பதில்லை, எண்ணை மட்டும் சொன்னால் நான் ஏற்பதில்லை, அவ்வளவுதான். “நாலு என்ன? நாலு யானையா?” என்று கேட்பேன். இரண்டு வாரத்தில் அவர்களே ஒருவரையொருவர் யானை கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

காகித ஸ்கேல் செய்ய ஆரம்பித்தது நான்காவது வருடம். இரண்டு நிறத் தாளில் ஒரு சென்டிமீட்டர் அகலத் துண்டுகள் வெட்டி, ஒரு நிறம் விட்டு ஒரு நிறமாக அட்டையில் வரிசையாக ஒட்ட வேண்டும். எண் எதுவும் கிடையாது. அளக்க வேண்டுமென்றால் கட்டங்களை எண்ண வேண்டும். துல்லியம் என்று பார்த்தால் படுமோசம். பசை ஈரத்தில் தாள் நெளியும், சிலர் இடைவெளி விடுவார்கள், சிலர் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுவார்கள். இருபது கட்டத்துக்குப் பிறகு நிஜ ஸ்கேலோடு வைத்துப் பார்த்தால் நான்கைந்து மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணம். ஆனாலும் இதை நான் விடமாட்டேன். காரணம், எண் எழுதுகிற நாள்.

“இப்போது எண் போடலாம்” என்றதும் ஏறக்குறைய எல்லோரும் முதல் கட்டத்தின் நடுவில் 1 என்று எழுதுவார்கள். அதைக் கொண்டுபோய் நிஜ ஸ்கேல் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். அங்கே 1 கட்டத்துக்குள் இல்லை, கட்டம் முடியும் கோட்டில் இருக்கிறது. கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. ஒரு வருடம் ஒரு பெண் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “டீச்சர், இது கட்டத்தோட பேர் இல்ல. இதுவரைக்கும் எத்தனை முடிஞ்சிருக்குன்னு சொல்லுது.” அப்போது பூஜ்ஜியம் எங்கே என்று கேட்டேன். “இன்னும் ஒண்ணுமே முடியாத இடத்துல.” அன்றைக்கு அதற்கு மேல் நான் பாடம் நடத்தவில்லை.

சரி, ஒடிந்த ஸ்கேலுக்கு வருவோம். ஒரு பையன் அதை வைத்துக் கத்திச்சண்டை போட்டு உடைத்தான். குப்பையில் போடப் போனவள், சும்மா ஒரு பென்சிலை 3-இல் தொடங்கி வைத்துக் காட்டினேன். முனை 11-இல் நின்றது. பாதிப் பேர் 11 என்றார்கள். இன்னும் கொஞ்சம் பேர் 9 என்றார்கள். எனக்கு ஒன்பது எங்கிருந்து வந்தது என்று புரியவே இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் மூன்று, நான்கு, ஐந்து என்று கோடுகளைத் தொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கோடு ஒன்பதுதான். நடுவே உள்ள இடைவெளி எட்டு. கையை விரித்து, விரல் எத்தனை, விரல்களுக்கு நடுவில் சந்து எத்தனை என்று கேட்டேன். ஐந்து விரல், நான்கு சந்து. மறுபடி ஸ்கேலுக்குப் போனார்கள்.

இத்தனை வருடம் பூஜ்ஜியத்தில் சரியாக வைத்து 8 என்று படித்த பிள்ளைகளுக்கெல்லாம் அளக்கத் தெரியும் என்று நம்பியிருந்தேன். அவர்கள் முனைக்கு நேரே உள்ள எண்ணைப் படித்திருக்கிறார்கள், அவ்வளவே. பயிற்சித் தாள்களிலும் பென்சில் எப்போதும் பூஜ்ஜியத்தில்தான் படுத்திருக்கும். அதனால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது பாடம் முடிந்ததும் ஒடிந்த ஸ்கேலைத்தான் நீட்டுவேன். காகித ஸ்கேல் செய்தவர்கள் பெரும்பாலும் உடனே கட்டத்தை எண்ணிவிடுகிறார்கள். சிலர் 11-இலிருந்து 3-ஐக் கழிக்கிறார்கள். இரண்டும் எனக்குச் சம்மதம்.

பயிற்சித் தாளைப் பற்றி இன்னொன்று. 10 செ.மீ. கோடு வரைந்த தாளை ஒருமுறை நகலெடுத்துக் கொடுத்தேன். இயந்திரம் தாளுக்குப் பொருந்துமாறு கொஞ்சம் சுருக்கிவிட்டது. பிள்ளைகள் 9 செ.மீ. 6 மி.மீ. என்று சரியாக அளந்து எழுத, நான் வரிசையாகத் தப்புப் போட்டுக்கொண்டே போனேன். ஐந்தாவது நோட்டில்தான் எனக்கே சந்தேகம் வந்தது. நகல் எடுத்ததும் ஒரு கோட்டையாவது அளந்து பார்த்துவிடுங்கள்.

அளப்பதற்கு முன் உத்தேச அளவை எழுதவைப்பது நன்றாக வேலை செய்கிறது, ஆனால் பேனாவில் எழுதவையுங்கள். பென்சிலில் எழுதினால் அளந்த பிறகு ரப்பர் வேலை செய்துவிடும்; எல்லா உத்தேசமும் மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு 15 செ.மீ. கண்ணாடி பிளாஸ்டிக். வகுப்புக்குப் பொதுவாக இரண்டு மூன்று ஸ்டீல் போதும். வெளிச்சத்தில் பளபளத்துக் கோடு தெரியாது, மூலை குத்தும். ஒடிந்தவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். என்னிடம் இப்போது ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. போன வாரம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒன்றைக் கையில் மறைத்துக்கொண்டு வந்து நின்றான். “டீச்சர், இது ஏழுல ஆரம்பிக்குது. உங்ககிட்ட ஏழு இருக்கா?”

இல்லை. வாங்கி வைத்துக்கொண்டேன்.