பத்து வீதக் கழிவு: ஐந்து வருடம் பாவித்த பிறகு

2021 தை மாதம் என்னைச் சரியாக நிறுத்தது யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஒரு வெங்காயக் கடைத் தராசு. வீட்டுத் தராசின் முள் 120 வரைதான் போகும். நான் ஏறினால் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் எத்தனை கிலோ என்பது இரண்டு வருடமாக எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. கிளினிக்கில் வெறும் வயிற்றுச் சீனி 164, பிரஷர் 150க்கு 95 என்று வந்த பிறகு, "நிறை தெரியாமல் நான் என்னத்தைச் சொல்ல?" என்று டொக்டர் கேட்டுவிட்டார். என்னோடு படித்த ஒருவன் வெங்காயம் மொத்தமாக வாங்கி விற்கிறவன். கடை பூட்டுகிற நேரம் பார்த்துப் போனேன். இரண்டு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு "ஏறு மச்சான்" என்றான். 131. "சாக்குக்குக் கழிக்கட்டோ?" என்று பகிடி வேறு.

கழிவு என்ற சொல் அங்கேதான் பிடிபட்டது. எங்கள் பக்கத்துச் சந்தைகளில் ஒரு வழக்கம் இருந்தது. தோட்டக்காரர் நூறு கிலோ மரக்கறி கொண்டுவந்தால் பத்துக் கிலோவைக் கழிவென்று எடுத்துவிட்டுத் தொண்ணூறுக்குத்தான் காசு. தோட்டக்காரருக்கு அதில் இருக்கிற ஆத்திரம் தனிக் கதை. அவன் சொன்னான்: "நீயும் நூற்றுக்குப் பத்துக் கழி. முழு மூட்டையையும் ஒரே நாளில கொட்டப் பாக்காத." ஆறு மாதத்தில் ஐந்திலிருந்து பத்து வீதம் குறைந்தாலே சீனியும் பிரஷரும் இறங்கத் தொடங்கும் என்று டொக்டரும் முதல் கிழமை சொன்னவர்தான். ஆனால் வெங்காயக்காரன் சொன்னதுதான் மண்டைக்குள் ஏறியது.

சைக்கிள் பாவித்தவர்கள், அரைக்கிற மெசின் பாவித்தவர்கள் அனுபவம் எழுதுகிறார்கள். நான் ஐந்து வருடமாகப் பாவித்தது ஒரு கணக்கு. பத்து வீதம் குறைக்க வேண்டும். குறைத்த பிறகு ஆறு மாதமாவது அந்த நிறையிலேயே நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த பத்து வீதத்தைப் பற்றி யோசிக்கலாம்.

இதற்கு முன் பாவித்த இலக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் உயரம் 171 சென்ரிமீற்றர். உயரத்துக்கேற்ற நிறையா என்று காட்டுகிற பிஎம்ஐ, ஆசியர்களுக்கு 23க்குக் கீழே இருப்பது நல்லது என்பார்கள். அதைக் கிலோவாக்கினால் 67. அந்த 67ஐ எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்தேன். 2016இல், கரைத்துக் குடிக்கிற மா ஒன்றைத் தெரிந்தவர் ஒருவர் ஆள் சேர்த்து விற்றார். நானும் வாங்கி இரண்டு நேரச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தேன். மூன்று மாதத்தில் 14 கிலோ போனது. அடுத்த வருடம் அது ஐந்து கிலோ வட்டியோடு திரும்பி வந்தது. 2019இல் தங்கச்சியின் கலியாணத்துக்கு நான்கு மாதத்தில் 25 கிலோ குறைப்பதாகச் சொல்லி ஜிம்மில் சேர்ந்தேன். ஆறாம் கிழமை முழங்கால் வீங்கியது. கலியாண வீட்டில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரையை ஒன்றுக்குள் ஒன்று செருகிப் போட்டு அதில் இருந்தேன். பாரமான ஆட்களுக்கு அது ஏன் என்று தெரியும்.

131இலிருந்து 67க்கு வருவதென்றால் 49 வீதம் குறைய வேண்டும். கனடாவில் இருக்கிற மச்சாள் தொலைபேசியில் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போன அந்த ஊசி மருந்து இருக்கிறதே, செமாகுளூட்டைட், அதைப் பெரிய ஆய்வொன்றில் 68 கிழமை போட்டவர்களுக்கே சராசரியாகக் குறைந்தது 15 வீதம்தான். நிறுத்திய பிறகு ஒரு வருடத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி ஏறியது. வயிற்றைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சையில்கூட 25, 30 வீதம் குறைந்தால் நல்ல பலன் என்பார்கள். ஊசியாலும் கத்தியாலும் முடியாததை நான் புட்டைக் குறைத்துச் செய்யப் பார்த்திருக்கிறேன். (ஊசிக்கோ சத்திரசிகிச்சைக்கோ நான் எதிரி இல்லை. டொக்டர் சொன்னபோது எனக்குப் பயம், அவ்வளவுதான்.)

முதல் பத்து வீதம் என்றால் 13 கிலோ, 118. அதற்கு நாற்பது கிழமை வைத்தேன். கிழமைக்கு 325 கிராம். இதைச் சொன்னபோது சிரிக்காதவர் டொக்டர் மட்டும்தான்.

இந்தக் கட்டம் லேசாகத்தான் போனது. முதல் கிழமையே மூன்று கிலோ இறங்கியது. அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைக்கிற கிளைகோஜன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராமளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் இரண்டும் சேர்ந்து போகும். 2016இல் இதைக் கொழுப்பென்று நம்பித்தான் ஆட்டம் போட்டேன். இந்த முறை அந்த மூன்று கிலோவைக் கொப்பியில் பென்சிலால் எழுதினேன்.

நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. கூட்டிப் பார்த்தால் 60 கிராமுக்குக் குறையாது, 240 கலோரி. அதை நிறுத்திப் பனங்கட்டி கடித்துக் குடித்தேன். பனங்கட்டி என்றால் உடம்புக்கு நல்லது என்ற நினைப்பில் ஒரு குட்டானை மூன்று நாளில் முடித்த பிறகுதான் அதுவும் சீனிதான் என்று உறைத்தது. பிறகு வெறும் தேத்தண்ணிதான். மத்தியானம் ஒன்றரைச் சுண்டு அரிசிச் சோறு சாப்பிட்டவன் முக்கால் சுண்டுக்கு வந்தேன். கோப்பையில் விழுந்த வெற்றிடத்தை முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் நிரப்பின. சூடை மீனோ முட்டையோ இல்லாமல் ஒரு நேரமும் சாப்பிடுவதில்லை. புட்டை விடவில்லை. விட்டால் அம்மா என்னை வீட்டை விட்டுக் கலைத்திருப்பா. சொதிக்கு மட்டும் முதற்பாலைக் குறைத்துக் கப்பிப்பாலில் சமாளித்தோம்.

அந்த வருடம் மே மாதம் கொரோனாவுக்காகப் பயணத்தடை போட்டார்கள். கிணற்றடியிலிருந்து கேற் வரை நடந்தேன். ஒரு தடவைக்கு அறுபது அடி. நாய் முதல் இரண்டு நாள் கூட வந்தது, பிறகு கிணற்றடியில் படுத்துக்கொண்டு பார்த்தது. ஐப்பசியில் 118.

இனி வருவதுதான் இந்தக் கணக்கின் உயிர். நிற்கிற காலம். அது சும்மா இருக்கிற காலம் என்றுதான் நான் நினைத்தேன். குறைக்கிறபோது தராசு கிழமைக்கொரு பரிசு தரும். நிற்கிறபோது ஒன்றும் தராது. 118, 117.6, 118.3, 118. ஒரு சீ.ஆர். கொப்பி முழுக்க இதே இலக்கங்கள். ஊர்ச்சனம் வேறு. யாழ்ப்பாணத்தில் ஒருவர் மெலிந்தால் "என்ன, சுகமில்லையோ?" என்றுதான் கேட்பார்கள். மெலிவது நின்றால் "விட்டிட்டீரோ?" என்பார்கள். அம்மா தன் பங்குக்கு, "முகம் வத்திப்போச்சு தம்பி, இனிக் காணும்" என்று ஒவ்வொரு நாளும்.

ஆனால் அந்த எட்டு ஒன்பது மாதத்தில்தான் நான் புதிய நிறையில் வாழப் பழகினேன். கலியாண வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த நாள் வழமைக்குத் திரும்புவது எப்படி, கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் தராசு ஒரு கிலோ கூடக் காட்டினால் அது உப்புப் பிடித்து வைத்த தண்ணீர் என்று பதறாமல் இருப்பது எப்படி. 2016இல் இதற்கு இடமே இருக்கவில்லை. மாவை நிறுத்திய அன்று நான் பழைய கோப்பைக்குத் திரும்பியவன்.

ஒரு விதி வைத்திருந்தேன். நிற்கிற நிறைக்கு மேலே இரண்டு கிலோ வரை கவலையில்லை. கிழமைச் சராசரி அதைத் தாண்டினால் குறைக்கிற காலத்துச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். தினமும் காலையில் நிறுத்து ஏழு நாளுக்குச் சராசரி எடுப்பேன். ஒரு நாள் இலக்கத்தை நம்பினால் விசர் பிடிக்கும்.

2022இல் பெற்றோல் இல்லாமல் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கியூஆர் காட்டிப் பங்கீட்டுக்கு அடிக்கிற முறை வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர்தான். யாழ்ப்பாணம் தொண்ணூறுகளுக்குத் திரும்பியது போல றோட்டு முழுக்கச் சைக்கிள். நானும் கொக்குவிலிலிருந்து பட்டணத்துக்குச் சைக்கிளில் போகத் தொடங்கினேன். இரண்டாம் கிழமை பின் சில்லில் நாலு கம்பி உடைந்தது. கடைக்கார அண்ணை சில்லைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் தடித்த கம்பி போட்டுத் தந்தார். பாரமான ஆட்கள் சைக்கிள் எடுத்தால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது கழிவு, 118இலிருந்து 106, ஒரு வருடம் எடுத்தது. 2023 ஆவணியில் முடிந்தது. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதே சாப்பாடும் சைக்கிளும்தான். ஒன்றைச் சொல்லலாம். நல்லூர்க் கோயிலில் ஆண்கள் சேட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தக் கூச்சத்தில் பல வருடம் தேர் முட்டியடியோடு நின்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்த வருடத் திருவிழாவில் உள்ளே போனேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. முன்பும் பார்த்திருக்க மாட்டார்கள் போல. வெளியே வந்து ஐஸ்கிரீமும் குடித்தேன், கொப்பியில் எழுதினேன்.

கார்த்திகையில் அம்மா முற்றத்தில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியும் வீடும். கன்ரீன் றோல்ஸ், மாலு பாண், இரவில் கொத்துரொட்டி. மாசியில் 111. பழைய 67 இலக்கோடு இருந்திருந்தால் அன்றோடு தராசைக் கட்டிலுக்குக் கீழே தள்ளியிருப்பேன். கொப்பியில் "மேல் எல்லை 108" என்று என் கையெழுத்தில் இருந்தது. மூன்று கிலோதான் வெளியே நிற்கிறேன், அவ்வளவுதான் பிரச்சினை. ஐந்து மாதத்தில் 106க்கு வந்தேன். ஐந்து வருடத்தில் எனக்குப் பெருமை தருவது இந்த ஐந்து கிலோதான். மற்ற கிலோக்களை முன்பும் குறைத்திருக்கிறேன். திரும்பி ஏறியதை இறக்கியது இதுதான் முதல் தடவை.

மூன்றாவது கழிவு சரிவரவில்லை. இலக்கு 95. 2025 பங்குனியில் 102க்கு வந்தேன். அதோடு சரி. பத்து மாதமாகத் தராசு அசையவில்லை. நாளுக்கு 500 கலோரி குறைத்தால் கிழமைக்கு அரைக் கிலோ, வருடத்துக்கு 26 கிலோ என்று ஒரு கணக்குப் போடுவார்கள். அது நேர்கோடு போட்ட கணக்கு. 131 கிலோவைத் தூக்கி நடந்த உடம்புக்குத் தேவைப்பட்ட சக்தி 102 கிலோ உடம்புக்குத் தேவையில்லை. அதே நாலு கிலோமீற்றர் சைக்கிளுக்கு இப்போது குறைவாகத்தான் செலவாகிறது. கொழுப்பு குறையக் குறைய லெப்ரின் என்ற ஹோர்மோனும் குறையும், பசி கூடும். அதாவது முதல் கழிவுக்குக் காணுமாயிருந்த சாப்பாட்டு அளவு இன்று என்னை அதே நிறையில் வைத்திருக்கிற அளவு. இன்னும் குறைக்கலாம். குறைத்துப் பார்த்தேன். மூன்று கிழமை வீட்டில் எல்லாரோடும் சண்டை. மகள் முகத்துக்கு நேரே கேட்டாள்: "அப்பா, நீங்கள் இன்னும் ஏழு கிலோ குறைச்சால் எங்களோட கதைப்பியளோ?"

ஆகவே இலக்கை மாற்றினேன். 95ஐ வெட்டி 97 என்று எழுதினேன். 102இல் ஐந்து வீதம். தேதி 2026 முடிவு. வராவிட்டால் 102இலேயே இன்னொரு வருடம். தோற்றுப்போனவன் சொல்கிற சாட்டு என்று சிலர் நினைக்கலாம். மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4 இல் தொடங்கி இப்போது 6.3. சீனிக்குப் போடுகிற மெற்போமின் குளிசை அளவை டொக்டர் பாதியாக்கிவிட்டார். (குறைத்தவர் அவர், நான் இல்லை. இன்சுலின் போடுகிறவர்கள் முக்கியமாக, டொக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், சீனி சடாரென்று கீழே போய்விடும்.) இடுப்பு 134 சென்ரிமீற்றரிலிருந்து 113. கதிரை ஒன்று போதும்.

குறைகளும் உண்டு. மெதுவானது, அலுப்பானது. வயிற்றிலும் மேற்கையிலும் தோல் தொங்குகிறது, அது உடற்பயிற்சியால் போகாது. மூன்று தரம் களிசான் மாற்றத் தையற்காரருக்குக் கொடுத்த காசில் ஒரு நல்ல தராசு வாங்கியிருக்கலாம். தராசு என்றதும்: வாங்குவதென்றால் 150 கிலோவாவது தாங்குகிற டிஜிற்றல் தராசாக வாங்குங்கள், சமமான நிலத்தில் வையுங்கள். எங்கள் குசினி மாபிளில் ஓரிடத்தில் 800 கிராம் குறைத்துக் காட்டும். அந்த இடத்தை இப்போதும் எனக்குத் தெரியும்.

போன கிழமை சுன்னாகம் போனேன். பழைய தராசு போய் டிஜிற்றல் வந்துவிட்டது. ஏறினேன். 102.4. அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான்.

"சாக்குக் கழிச்சோ மச்சான்?"

"இல்லையடா, செருப்போட."

"அப்ப நாலடி அங்கால நில், இந்த மூட்டையை வைக்கவேணும்" என்றான்.