நாலு குளிர்காலம், ஒரு வெப்பமானி

முள்ளில் இறகும் நூலும் சுற்றிய போலி ஈயை வீசி மீன் பிடிப்பவன் நான். நல்ல தூண்டில் கோல் இருந்தால் குளிர்காலத்திலும் ட்ரவுட் (குளிர்ந்த ஆறுகளில் வாழும் மீன்) பிடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் இறங்கினேன். இப்போது நாலாவது குளிர்காலமும் முடிந்து பனி உருக ஆரம்பித்துவிட்டது. அதே கோல்தான், ஒன்பதடி நீளம், நரம்பின் எடைக்கணக்கில் ஐந்தாம் எண். அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, புகழவும் ஒன்றும் இல்லை. என் பையில் இருப்பதிலேயே மலிவான சாமான்தான் எல்லாவற்றையும் மாற்றியது: கயிறு கட்டி ஆற்றுக்குள் விடும் சின்ன வெப்பமானி.

முதல் வருடம் கோடைப் பழக்கத்தில் விடியுமுன்பே போய் நின்றேன். விரல் விறைத்து முடிச்சுப் போட வராது. ஈரமான தூண்டில் நரம்பு கோலின் வளையங்கள் வழியாக வந்து போவதால் அவற்றில் ஐஸ் அடைத்துக்கொள்ளும். பத்து வீச்சுக்கு ஒரு தடவை கோலைத் தண்ணீரில் முக்கி அதைக் கரைக்க வேண்டும். உதட்டுக்குப் பூசும் பசையை வளையத்தில் தடவினால் ஐஸ் பிடிக்காது என்றார்கள். கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான்.

வெப்பமானி வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. காலை எட்டு மணிக்குத் தண்ணீர் 2 டிகிரி செல்சியஸ். ட்ரவுட்டின் உடம்பும் தண்ணீரோடு சேர்ந்தே குளிரும். 4 டிகிரிக்குக் கீழே செரிமானம் மந்தமாகி, இரையைத் துரத்துவதற்குச் செலவழிக்கும் சக்திகூட அதற்குக் கட்டுப்படியாகாது. அதே இடம் மதியம் ஒரு மணிக்கு 5 டிகிரியைத் தொடும். அப்போதுதான் தக்கை லேசாக அசையும். இப்போதெல்லாம் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரைதான் என் வேலை நேரம். காலையில் நன்றாகத் தூங்குகிறேன்.

இரண்டாவது குளிர்காலத்தின் கடைசியில் இன்னொன்று பிடிபட்டது. எண்ணை விட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். முன்வசந்தத்தில் ஒரு நாள் நல்ல வெயில். இன்றைக்குப் பிடித்துத் தள்ளிவிடலாம் என்று போனேன். மதியம் 7 டிகிரி, மூன்று மீன். அப்புறம் இரண்டு மணிக்கு மேல் ஒன்றும் இல்லை. ஈயை மாற்றினேன், ஆழத்தை மாற்றினேன், கடைசியில் வெப்பமானியை விட்டுப் பார்த்தால் 5 டிகிரி! வெயில் மேட்டுப் பனியை உருக்கி, அந்தக் குளிர்நீரை மதியத்துக்கு மேல் ஆற்றில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. நமக்கு இதமான நாள் மீனுக்கு அப்படி இல்லை. அடுத்த வாரம் மூட்டமும் தூறலுமாக ஒரு நாள், காலையிலிருந்து 7 டிகிரியிலேயே நின்றது. பேட்டிஸ் பூச்சிகள் கூட்டமாக மேலே வர, தண்ணீர் மேலே மிதக்கும் ட்ரை ஃப்ளை ஈயில் வருடத்தின் முதல் மீன் அன்றைக்குத்தான்.

அணைக்குக் கீழே உள்ள ஆறு தனிக்கதை. தண்ணீருக்கு அடர்த்தி அதிகம் 4 டிகிரியில். அதனால் ஆழமான அணையின் அடியில் அந்த 4 டிகிரித் தண்ணீர்தான் தங்கும். அடிமதகு வழியே அது வெளியே வந்தால் கடும் குளிரிலும் ஆறு சுலபத்தில் உறையாது. மற்ற ஆறுகள் உறையும் நாட்களில் நான் அங்கேதான் நிற்பேன்.

மீன் இருப்பது மடுவில், அடியில், நீரோட்டம் மந்தமாக உள்ள இடத்தில். ஈ அதன் வாய்க்கு நேரே, நீரோட்டத்தின் வேகத்திலேயே, இழுபடாமல் வர வேண்டும். ஒரு முழம் தள்ளிப் போனாலும் எட்டிப் பார்க்காது. தண்ணீரின் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில், ஈக்கு மேலே, தக்கையைக் கட்டுகிறேன். ஈ அவ்வப்போது தரையைத் தட்டவில்லை என்றால் இன்னொரு ஈயக்குண்டு சேர்ப்பேன். ஈயை மாற்றுவதற்கு முன் எடையை மாற்று என்பது நான் தாமதமாகக் கற்றது.

ஈப்பெட்டி வருடத்துக்கு வருடம் சுருங்கிவிட்டது. 20, 22 எண் முள்ளில் (எண் கூடக் கூட முள் சின்னது) ஸீப்ரா மிட்ஜ், 18இல் ஃபெசன்ட் டெயில், பனிமேல் ஊர்ந்து திரியும் கறுப்பு ஸ்டோன்ஃப்ளை பூச்சிக்காக 16இல் ஒன்று. ஃபெசன்ட் டெயில், இங்கிலாந்தின் ஏவன் ஆற்றங்காவலர் ஃப்ராங்க் சாயர் உருவாக்கியது. அவர் நூல்கூடச் சுற்றவில்லை, வால் இறகும் செப்புக் கம்பியும் மட்டும்தான். நரம்பின் நுனியில் ஈயைக் கட்டும் மெல்லிய இழையான டிப்பெட் 6எக்ஸ், அதாவது 0.127 மில்லிமீட்டர். மீன் கையில் வந்தபின் அறுத்துக்கொண்டு போன கதைகள் நிறைய உண்டு, விடுங்கள்.

உடுப்பில் இரண்டு தவறு செய்தேன். கம்பளிப் பட்டை அடித்த பூட்ஸ் ஈரப்பாறையில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பனியில் நாலடி வைத்தால் அடியில் பனிக்கட்டி சேர்ந்து குதிகால் செருப்பு போட்ட மாதிரி ஆகிவிடும். ஆணி வைத்த ரப்பர் அடிக்கு மாறினேன். இரண்டாவது, காலுறை மேல் காலுறை. பூட்ஸ் இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். ஒரே கம்பளிக் காலுறையும் ஒரு சைஸ் பெரிய பூட்ஸும் போதும். தண்ணீரில் இறங்கப் போடும் நீர்புகா உடுப்பான வேடர் மூன்றாவது வருடம் முழங்கால் தையலில் கசிந்தது. உள்ளே வெளியே திருப்பி ஸ்பிரிட் தெளித்தால் கசியும் இடம் கறுப்பாகத் தெரிந்தது. ஒட்டினேன், இன்னும் தாங்குகிறது.

உறைநிலைக்குக் கீழே உள்ள காற்றில் மீனைத் தூக்கிப் படம் எடுப்பதை நிறுத்திவிட்டேன். செவுள் நொடிகளில் உறைய ஆரம்பிக்கும். தண்ணீருக்குள் வைத்தே தூண்டில் முள்ளைக் கழற்றி விடுகிறேன். பாசியில்லாமல் பளிச்சென்று தெரியும் கூழாங்கல் திட்டுகளில் காலும் வைப்பதில்லை. பழுப்பு ட்ரவுட் இலையுதிர்காலத்தில் இட்ட முட்டைகள் அந்தக் கற்களுக்கு அடியில்தான் குளிர்காலம் முழுக்கக் கிடக்கின்றன.

வெப்பமானியிலும் குறை உண்டு. மூன்றாவது குளிர்காலத்தில் எங்கேயோ இடித்து, உள்ளே சிவப்புக் கோடு நடுவில் பிரிந்துவிட்டது. இரண்டு மூன்று வாரம் அது 3 டிகிரி கூடுதலாகக் காட்ட, நான் அதை நம்பி மீனைத் திட்டிக்கொண்டிருந்தேன். உப்புக் கலந்த ஐஸில் குமிழை வைத்ததும் திரவம் சுருங்கி இறங்கி ஒட்டிக்கொண்டது. இப்போது பருவம் தொடங்குமுன் ஐஸ் தண்ணீரில் விட்டு 0 காட்டுகிறதா என்று பார்த்துவிடுகிறேன். கயிறு மட்டும் மூன்று தடவை மாற்றியாகிவிட்டது.